அன்னாசி மாத்திரை: விற்கும் முன் தெரிந்துகொள்வோம்



சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரிகள் சிலர் என்னிடம் ஒரு விஷயம் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, அன்னாசிப்பழத்தில் செய்த மாத்திரை என்று டப்பா கொண்டுவந்து காட்டுகிறார்கள். நல்ல லாபம் நிற்கும் என்கிறார்கள். வைத்து விற்கலாமா?" நான் மருத்துவன் அல்ல. பள்ளிப் படிப்போடு திருவொற்றியூர் கிடங்கில் வந்து உட்கார்ந்தவன். ஆனால் இந்தச் சரக்கில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால், விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அன்னாசியை நாலு துண்டுக்கு மேல் தின்றால் நாக்கு அரிக்கும். அதற்கு முக்கியக் காரணம் அதில் உள்ள புரோமெலைன் என்ற நொதி. என்சைம் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். புரதத்தை அறுத்துத் துண்டாக்குவது இதன் வேலை. பச்சை அன்னாசியைப் பாலில் அரைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசந்துபோவதும் இதனால்தான். கொதிக்க வைத்தால் இந்தச் சக்தி போய்விடும். சூடு காட்டி டின்னில் அடைத்த அன்னாசியில் இது இராது.

1891-லேயே வெனிசுலா நாட்டு ரசாயன அறிஞர் விசென்டே மார்கானோ இதைப் பழத்திலிருந்து பிரித்தார். பழத்தைவிடச் செடியின் தண்டில் இது அதிகம் என்பது ஹவாய் தீவில் தெரியவந்தது. அந்த ஆராய்ச்சி 1957-இல் வெளியானது. பழம் பறித்தபின் வீணாகும் தண்டு அதன்பிறகு காசாயிற்று. இன்று டப்பாவில் வருவது பெரும்பாலும் தண்டுச் சாறுதான். தினம் ஒரு துண்டு பழம் தின்பதும் மாத்திரை விழுங்குவதும் ஒன்றாகாது.

மருத்துவத்தில் இதற்கு இடம் உண்டு. வீக்கம், அடிபட்ட வலி, பல் பிடுங்கியபின் வரும் வீக்கம் இவற்றுக்கு நம் நாட்டு டாக்டர்கள் டிரிப்சின், புரோமெலைன், ருட்டோசைடு மூன்றும் சேர்ந்த மாத்திரை எழுதுகிறார்கள். எனக்கே கடைவாய்ப் பல் எடுத்தபோது ஐந்து நாளைக்குக் கொடுத்தார்கள். தீக்காயத்தில் கருகிய தோலை நீக்க, புரோமெலைன் வகை நொதிகளால் ஆன மருந்துக்கு 2012-இல் ஐரோப்பாவும் 2022-இல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அது ஆஸ்பத்திரியில் டாக்டர் கையால் பூசுவது. மூட்டுத் தேய்மானத்துக்குச் சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. சர்க்கரை நோயையோ, இருதய அடைப்பையோ, புற்றுநோயையோ இது தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இனி என் கதை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஏஜெண்ட் வந்து, முட்டி வலி முதல் இருதய அடைப்பு வரை எல்லாம் தீரும் என்று நோட்டீஸ் அச்சடித்த டப்பாக்களைக் காட்டினார். பத்துப் பெட்டி எடுத்தேன். ராயபுரத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் ஒரு பெட்டி வாங்கிப் போனார். அவருடைய வாடிக்கைக்காரர் ஒரு பெரியவர், காசிமேட்டில் மீன்பிடித் தொழில் செய்தவர். இருதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். முட்டி வலிக்கு இதையும் சேர்த்துச் சாப்பிட்டார். மூன்று வாரத்தில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். கையில் நீலம் நீலமாகக் கன்றிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்து, அன்னாசி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். "இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; ஆனால் சேர்த்துச் சாப்பிட்டிருக்கவே கூடாது" என்றாராம் டாக்டர். நல்லவேளையாகப் பெரியவர் தேறிவிட்டார்.

கடைக்காரர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்து, "அண்ணாச்சி, நீங்க எனக்குக் கொடுத்தீங்க, நான் அவருக்குக் கொடுத்தேன். ரெண்டு பேரும் அவரை ஒரு வார்த்தை கேக்கலை" என்றார். அத்தனை சரக்கையும் திரும்ப எடுத்தேன். ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை. நஷ்டம் என் கணக்கில். அதைவிட அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே நம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ, இருதயத்துக்கு ஆஸ்பிரினோ சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. ஆபரேஷன் நாள் குறித்தவர் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்து உடம்பில் ஏறும் அளவையும் இது கூட்டக்கூடும்.

2. அன்னாசி தின்றால் தடிப்பு, மூச்சிறைப்பு வருகிறவருக்கு ஆகாது. ரப்பர் பால் ஒவ்வாதவரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கும் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம்.

3. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க உணவு உரிம எண், 'ஹெல்த் சப்ளிமென்ட்', 'மருத்துவ உபயோகத்திற்கு அல்ல' என்ற வாசகங்கள், காலாவதித் தேதி இருக்க வேண்டும். டாக்டர் எழுதும் டிரிப்சின் கலந்த மாத்திரை மருந்து. அது மருந்துக் கடைச் சரக்கு, நமக்கு வேண்டாம்.

4. நோய் தீரும் என்ற நோட்டீஸைக் கடையில் ஒட்டாதீர்கள். சர்க்கரை, இருதய நோய், புற்றுநோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடத்து மாய மருந்துச் சட்டம் தடுக்கிறது. பொய் விளம்பரத்துக்கு 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

5. சூடும் ஈரமும் இதன் வீரியத்தைக் குறைக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் அடுக்கி வைத்தால் காசு கொடுத்தவருக்கு வெறும் தூள்தான் மிஞ்சும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கி, எண்ணூர் ஆலைகளில் நின்று வேலை செய்து, வலியோடு வரும் ஜனங்கள் நம்மை நம்பித்தான் கேட்கிறார்கள். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? ஆபரேஷன் எதுவும் இருக்கா? அன்னாசி ஒத்துக்குமா?" என்று மூன்று கேள்வி கேட்க அரை நிமிஷம் போதும். சந்தேகம் என்றால் டப்பாவையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ, தங்கள் டாக்டரிடமோ போகச் சொல்லுங்கள். ஒரு டப்பா விற்காமல் போனால் பரவாயில்லை, வாடிக்கைக்காரர் நன்றாக இருந்தால் மாதா மாதம் அரிசி, பருப்பு நம்மிடம்தான் வாங்குவார்.