கொம்பு ஊதுகிறார்கள், ஓசை எங்கே?

லால்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். ஜெமினி படம் எப்படித் தொடங்கும் என்று அவர்களைக் கேளுங்கள். இரட்டைக் குழந்தைகள் கொம்பு ஊதுவார்கள் என்று உடனே சொல்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கொட்டகையில் அந்தக் குழந்தைகள் முதலில் ஓசையின்றி ஊதினார்கள். ஏறக்குறைய ஒரு விநாடி கழித்துத்தான் கொம்போசை வந்தது. 'மூச்சுப் பிடிக்கிறார்கள்' என்றான் பக்கத்திலிருந்தவன். உண்மைக் காரணம் பிலிமில் இருக்கிறது.

முதலில் அந்தக் கொம்பு ஏன் வந்தது என்று பார்ப்போம். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். அவை ஊமைப் படங்கள். அக்காலத்துக் கம்பெனிச் சின்னங்களும் ஊமைதான். அமெரிக்காவின் எம்.ஜி.எம். சிங்கம்கூடச் சுற்றுமுற்றும் பார்த்ததோடு சரி. அதன் கர்ஜனை முதன்முதலாகக் கேட்டது 1928-இல். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது 1931-இல். 'எங்கள் படம் பேசும்' என்பதே பெருமையாக இருந்த காலம் அது. பிரிட்டனின் ராங்க் நிறுவனத்துக்கு ஒரு பயில்வான் பெரிய சேகண்டியை அடித்தார். புனேயின் பிரபாத் நிறுவனத்துக்கு ஒரு பெண் கொம்பு ஊதினாள். எஸ். எஸ். வாசன் 1940-இல் தொடங்கிய ஜெமினி ஸ்டூடியோவுக்கு மிதுன ராசியின் இரட்டையர் கொம்பு ஊதினார்கள்.

எல்லாரும் சத்தம் போடவில்லை. விஜயா நிறுவனம் அனுமன் கொடியைப் பறக்கவிட்டது. விஜயன் என்பது அர்ச்சுனன் பெயர், அவன் கொடியில் இருப்பவர் அனுமன். ஆனால் ஏவி.எம். என்ற எழுத்துகளோடு வரும் இசையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே இன்றும் இன்ன கம்பெனி என்று சொல்லிவிடலாம்.

படத்தையும் ஒலியையும் பெரும்பாலும் தனித்தனியாகப் பதிவு செய்துதான் சேர்ப்பார்கள். ராங்க் பயில்வான் அடித்தது காகிதக்கூழ்ச் சேகண்டி! ஓசை வேறொருவர் தட்டிய உண்மையான சேகண்டியுடையது.

இனி நம் கேள்விக்கு வருவோம். பிலிமின் ஓரத்தில் ஒலித்தடம் என்ற மெல்லிய கோடு ஓடுகிறது. ஒரு சிறு விளக்கின் ஒளி அதன் வழியே புகுந்து ஒளிமின்கலத்தில் விழுகிறது. கோட்டின் அகலமோ கருமையோ மாற மாற, ஒளி கூடிக் குறைகிறது. மின்னோட்டமும் அப்படியே மாறி, ஒலிபெருக்கியில் ஓசையாகிறது. ஆனால் படம் காட்டும் சாளரத்தில் பிலிம் நின்று நின்று நகர வேண்டும்: விநாடிக்கு 24 தடவை. ஒலியைப் படிக்கும் இடத்திலோ அது நிற்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு விக்கும். ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது. ஆகையால் ஒலி படிக்கும் கருவியைச் சாளரத்துக்குக் கீழே வைத்தார்கள். பிலிமில் ஒரு படத்துக்குரிய ஒலி, அந்தப் படத்துக்குச் சுமார் 20 படங்கள் முன்னதாக, அதாவது 38 சென்டிமீட்டர் முன்னால் பதிந்திருக்கும். சாளரத்தில் குழந்தை தோன்றும் அதே கணத்தில், முன்னே சென்றுவிட்ட அதன் ஓசை கீழே படிக்கப்படும்.

இப்போது கணக்குப் போடுங்கள். பத்து விநாடி ஓடும் சின்னத்துக்கு 240 படங்கள். ஓர் அடிக்கு 16 படங்கள் என்றால் 15 அடி பிலிம். அது இருப்பதோ முதல் ரீலின் தலைப்பில்! கருவியில் கோக்கும்போது கைபடுவது அங்கே, கீறல் விழுவதும் கிழிவதும் அங்கே. கிழிந்தால் ஆபரேட்டர் சேதமான படங்களை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார். நகரங்களில் ஓடி ஓய்ந்து கிராமக் கொட்டகைக்கு வரும்போது சின்னம் பாதி தேய்ந்திருக்கும். தலைப்பு வெட்டுப்பட்டு, மிஞ்சியதன் முன்னால் வெறும் பிலிமை ஒட்டினால் என்ன ஆகும்? மீந்த முதல் படத்துக்குரிய ஒலி 20 படங்களுக்கு முன்னால் இருந்தது. அது குப்பைக் கூடையில். எனவே இருபது படங்களுக்கு, அதாவது ஆறில் ஐந்து பங்கு விநாடிக்கு, ஓசை இல்லை. குழந்தைகள் மூச்சுப் பிடித்தது அதனால்தான்!

பிறகும் சின்னங்கள் மாறிக்கொண்டே வந்தன. தமிழில் ஏவி.எம்.மின் முதல் வண்ணப்படம் 'அன்பே வா' 1966-இல் வந்தது. கறுப்பு வெள்ளைச் சின்னம் வண்ணப்படத்துக்குப் பொருந்துமா? தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்' 1973-இல் வந்தது. சதுரத்துக்கு அருகிலிருந்த திரை அகலமானால் சின்னத்தையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். எம்.ஜி.எம். சிங்கமோ 2021-இல் கணினியில் வரைந்த சிங்கமாகிவிட்டது. இன்று திரையரங்குக்குப் படம் கணினிக் கோப்பாக வருகிறது, தலைப்புத் தேய்வதில்லை.

ஆனால் புதிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய படத்தை மறுபடி வெளியிடும்போது அந்நாளைய சின்னத்தை நீக்கிவிட்டு இன்றையதை ஒட்டும் வழக்கம் சில வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருந்தது. வயதானவரின் சிறுவயதுப் புகைப்படத்தில் முகத்தை மட்டும் மாற்றுவது போன்ற வேலை இது என்பது என் எண்ணம். எந்தக் காலத்துப் பிரதி என்று கண்டுபிடிக்க உதவும் அடையாளம் அதோடு போய்விடுகிறது.

தொலைக்காட்சியில் பழைய ஜெமினி படம் வந்தால் முதல் பத்து விநாடியைத் தவறவிடாதீர்கள். தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்ததாக இருந்தால் அந்த மௌனமும் உடன் வந்திருக்கலாம். கொம்பு உதட்டில் இருக்கும்போதே ஓசை வருகிறதா, சற்றுப் பிந்தி வருகிறதா என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள்.