ரப்பர் விசைக் கணினி

தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு கம்பி, ஒலிநாடாக் கருவிக்கு ஒரு கம்பி, மின்சாரத்திற்கு மற்றொன்று; இவற்றின் நடுவே ஒரு குறிப்பேட்டின் அளவேயான கறுப்புப் பெட்டி. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வளர்ந்த எண்ணற்ற சிறுவர்களுக்குக் கணினி என்பது முதலில் இந்தக் காட்சியாகவே அறிமுகமானது. அந்தப் பெட்டியின் பெயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்.

கேம்பிரிட்ஜில் கிளைவ் சின்கிளேர் நடத்திய நிறுவனம் 1982 ஏப்ரல் 23 அன்று இதனை வெளியிட்டது. 16 கிலோபைட் நினைவகம் கொண்ட வகை 125 பவுண்டு. 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. அக்காலத்தில் பிரிட்டனின் பள்ளிகளில் இடம்பெற்ற பிபிசி மைக்ரோ கணினியின் 'பி' வகையோ 399 பவுண்டுக்கு விற்றது. எளிய குடும்பமும் எண்ணிப்பார்க்கக்கூடிய விலையே ஸ்பெக்ட்ரத்தின் முதல் ஈர்ப்பு. ஆயினும், குறைத்த ஒவ்வொரு பவுண்டுக்கும் ஈடாகக் கணினியின் ஏதேனும் ஓர் உறுப்பு எதையோ இழந்திருந்தது.

முதல் இழப்பு விரல்களுக்குத் தெரிந்தது. தட்டச்சுப் பொறியில் உள்ளவை போன்ற தனித்தனி விசைகள் இதில் இல்லை. ஒரே ரப்பர் விரிப்பிலிருந்து நாற்பது விசைகள் உலோகத் தகட்டின் துளைகள் வழியே எட்டிப் பார்த்தன. அவற்றின் கொழகொழத்த தொடுவுணர்வைப் பலரும் எள்ளினர். அதை ஈடுசெய்ய ஒரு வழி இருந்தது. 'பேசிக்' மொழியில் நிரல் எழுதுவோர் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டியதில்லை. உரிய இடத்தில் 'பி' விசையை ஒருமுறை அழுத்தினால் 'பிரிண்ட்' என்னும் முழுச்சொல்லும் திரையில் தோன்றும். நினைவகத்திலும் அச்சொல் ஒரே பைட்டில் அடங்கிவிடும். இதனால் ஒவ்வொரு விசையின் மீதும் அதனைச் சுற்றியும் நான்கைந்து குறிகள் நெருக்கியடித்து நின்றன.

நினைவகத்தில் காட்டிய சிக்கனம் வியப்புக்குரியது. 64 கிலோபிட் சில்லுகளை உருவாக்கும்போது சிலவற்றில் ஒரு பாதி பழுதாகிவிடுவது உண்டு. குப்பைக்குப் போகவேண்டிய அத்தகைய சில்லுகளை 48 கிலோபைட் வகையில் பயன்படுத்தினர். பழுதில்லாப் பாதிகளை மட்டும் இயக்கி, எட்டுச் சில்லுகளைக்கொண்டு 32 கிலோபைட் பெற்றனர். எஞ்சிய 16 கிலோபைட்டை வேறு சில்லுகள் தந்தன. பாதி கெட்ட பொருளால் ஆன கணினி அது என்பதை வாங்கியவர்களுள் அறிந்தோர் மிகச் சிலரே.

இவை அனைத்தினும் நினைவில் நிற்பது அதன் வண்ணத்திரை. திரையில் கிடைமட்டமாக 256, செங்குத்தாக 192 என மொத்தம் 49,152 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க நான்கு பிட்டுகள் ஒதுக்கினால் 24,576 பைட்டுகள் தேவைப்படும். இது 16 கிலோபைட் வகையின் முழு நினைவகத்தையும் விஞ்சிவிடும். எனவே, வடிவமைப்பாளர்கள் வடிவத்தையும் நிறத்தையும் பிரித்தனர். புள்ளி எரிகிறதா, இல்லையா என்பதற்கு மட்டும் ஒரு பிட். அதற்கு 6,144 பைட்டுகள் போதும். நிறத்திற்காகத் திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட 768 கட்டங்களாக்கி, கட்டத்திற்கு ஒரு பைட் வைத்தனர். ஆக மொத்தம் 6,912 பைட்டுகளில் வண்ணப்படம் கிடைத்தது.

இந்தக் கணக்கு விளையாட்டில் சென்று முட்டியது. ஒரு கட்டத்திற்குள் எழுத்து நிறம் ஒன்று, பின்புல நிறம் ஒன்று என இரண்டிற்கே இடம் உண்டு. மஞ்சள் நிற வீரன் பச்சை மரத்தருகே நடந்தால், அவன் கால்பட்ட கட்டத்தில் மரமும் மஞ்சளாகிவிடும். அவன் விலகியதும் பழைய பச்சை திரும்பும். சிறுவர்கள் இதற்குப் பழகிவிட்டனர். விளையாட்டுகளை உருவாக்கியோர் பழகிவிடவில்லை, வழி தேடினர். 1984இல் வெளிவந்த 'நைட் லோர்' ஒவ்வோர் அறையையும் ஒரே நிறத்தில் வரைந்து, மோதலுக்கே இடமில்லாமல் செய்தது. அதன் முப்பரிமாணத் தோற்றத்தில் மயங்கியவர்கள் நிறக்குறையைப் பொருட்படுத்தவில்லை.

கணினியில் மின்விசை நிறுத்தும் பொத்தான்கூட இல்லை. கம்பியைப் பிடுங்கினால்தான் அது அணையும். இதழ்களில் அச்சான நிரலை இரண்டு மணிநேரம் பார்த்துத் தட்டியபின், யாரேனும் கம்பியை இடறிவிட்டால் அத்தனையும் மறைந்துபோகும். எனவே, எழுதியதை ஒலிநாடாவில் சேமிப்பது முதல் பாடமாயிற்று. பாட்டுக் கேட்கும் அதே நாடாதான். சுழியத்திற்கு ஒரு நீளமும் ஒன்றுக்கு அதன் இருமடங்கு நீளமுமாக ஒலித்துடிப்புகள் பதிவாகும். நினைவகத்தை நிறைக்கும் நிரல் ஒன்றை மீண்டும் ஏற்ற ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். முதலில் நீண்ட சீழ்க்கை ஒலி. திரையின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமுமாகக் கோடுகள். பின்னர்க் கரகரப்பான இரைச்சல். கோடுகள் மஞ்சளும் நீலமுமாக மாறும். நான்காம் நிமிடத்தில் நாடா சற்றே பிசகினாலும் பிழைச்செய்தி தோன்றும். நாடாவைச் சுற்றி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒலியின் அளவை ஓர் இம்மி கூட்டுவதும் குறைப்பதும் அக்காலச் சிறுவர்களின் கைப்பக்குவம். நாள்பட்டோர் இரைச்சலைக் கேட்டே, ஏறிக்கொண்டிருப்பது படமா நிரலா என்று பிரித்தறிந்தனர்.

நிரல் ஒலியாகிவிட்டதனால் ஒலி போகும் வழியெல்லாம் அதுவும் போயிற்று. 1980களில் பெல்கிரேடு வானொலியின் நிகழ்ச்சி ஒன்று, பாடல்களுக்கிடையே கணினி நிரல்களை அப்படியே ஒலிபரப்பியது. கணினி இல்லாத வீட்டினருக்கு அது காதைக் குடையும் இரைச்சல். கணினி உள்ள வீட்டிலோ அந்தச் சில நிமிடங்கள் முழு அமைதி நிலவும். வானொலிப் பெட்டியருகே ஒலிநாடா சுழன்றுகொண்டிருக்கும்.