தந்தையின் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்

வங்கிப் பெட்டகத்தைத் திறக்கும்போது நகைப்பெட்டிகளுக்கு இடையே ஒரு பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் கிடப்பதைப் பல குடும்பங்களில் காணலாம். தந்தை முதல் ஊதியத்தில் வாங்கியதாகவோ, திருமணத்தின்போது மாமனார் அணிவித்ததாகவோ அது இருக்கும். சாவி கொடுத்தால் சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடுகிறது. கடைக்கு எடுத்துச் சென்று, "புதிதுபோல் ஆக்கித் தாருங்கள்" என்கிறோம். பல கடிகாரங்கள் தம் அடையாளத்தை இழப்பது இந்த ஒரு சொல்லால்தான்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகார உற்பத்தி தொடங்கியது. சாவி கொடுத்து இயக்கும் 'ஜனதா' வீடுதோறும் அறியப்பட்ட பெயராயிற்று. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. எனவே, இன்று கழற்றி எறியப்படும் ஓர் அசல் உதிரிக்கு ஈடு தேட வேண்டுமாயின், பெரும்பாலும் இன்னொரு பழைய கடிகாரத்தைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

நின்றுபோன கடிகாரம் உடைந்துபோன கடிகாரம் அன்று. ஜனதாவின் சமநிலைச் சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நாளொன்றுக்கு 4,32,000 முறை துடிக்கிறது. சக்கர அச்சுகளின் நுனிகள் செயற்கை மாணிக்கக் கற்களின் துளைகளில் சுழல்கின்றன. இடையே ஒரு துளிக்கும் குறைவான எண்ணெய். ஆண்டுகள் செல்லச்செல்ல அது உலர்ந்து பிசினாகிறது. அந்நிலையில் நாள்தோறும் ஓட்டினால் அச்சுகள் தேய்ந்துவிடும். ஆகவே பழுதுபார்க்கும் வரை மீண்டும் மீண்டும் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள்.

நல்ல கைவினைஞர் முதலில் சுருள்வில்லின் இறுக்கத்தைத் தளர்த்துவார். பின்னர் இயக்கப்பகுதியை முழுவதும் பிரித்து, கரைப்பானில் கழுவி, உருப்பெருக்கியில் ஒவ்வோர் அச்சையும் சோதிப்பார். எண்ணெயிடுவதுதான் நுட்பமான கட்டம். விசை மிகுந்த மெதுவான சக்கரங்களுக்குக் கெட்டியான எண்ணெய், சமநிலைச் சக்கரத்திற்கு மெல்லியது. மிகுதியானால் அது கற்களை விட்டு வழிந்து, மயிரிழைச் சுருளில் ஒட்டி, கடிகாரத்தை ஓட்டமாய் ஓட வைக்கும். பிரிக்காமலே பின்மூடியைத் திறந்து எண்ணெய் தெளித்துத் தருவது பழுதுபார்த்தல் ஆகாது; அழுக்கோடு எண்ணெய் கலந்து அரைக்கும்.

எதை மாற்றலாம்? வலுவிழந்த சுருள்வில், ரப்பர் வளையம், தோல்வார் ஆகியவை தேய்வதற்கென்றே அமைந்தவை. அக்ரிலிக் கண்ணாடியில் விரிசல் இருந்தால் மாற்றலாம். கீறல் மட்டுமெனில் தேய்த்தே மெருகேற்றிவிடலாம். டயல், முட்கள், சாவித்திருகு, உறை ஆகியவற்றில்தான் எச்சரிக்கை தேவை. டயலைத் துடைத்தால் அச்செழுத்தும் சேர்ந்தே வந்துவிடக்கூடும். மீள்வண்ணம் தீட்டினால் எழுத்துகள் தடிக்கும், கோடுகள் கோணும். பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். அது திரும்பப் பெற முடியாத இழப்பு. உறையைப் பொறியில் மெருகேற்றினால் விளிம்புகள் மழுங்கும்; முலாம் பூசிய உறையாயின் உள்ளிருக்கும் பித்தளை வெளிப்படும். மஞ்சளடித்த டயலை நான் அப்படியே விட்டுவிடவே சொல்வேன்.

தாத்தா காலத்து அயல்நாட்டுக் கடிகாரமாயின் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1960-களுக்கு முன்னர் இருளில் ஒளிரும் பூச்சில் ரேடியம் பயன்பட்டது. ஒளி மங்கிய பின்னும் கதிரியக்கம் நீடிக்கும். வீட்டில் திறந்து அப்பூச்சைச் சுரண்டாதீர்கள். அத்தூள் மூச்சில் கலப்பது கேடு.

செலவு, சில வேளைகளில் கடிகாரத்தின் சந்தை விலையையே எட்டிவிடும். வங்கி இதழில் எழுதத் தகாத கணக்குதான். ஆயினும் தந்தையின் கைப்பட்ட பொருளுக்குச் சந்தை விலை அளவுகோலன்று.

கடையில் கொடுக்கும்போது டயலையும் உறையையும் தொட வேண்டாம் என ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதையேனும் மாற்ற நேர்ந்தால் முன்னரே கேட்க வேண்டும் என்றும், கழற்றிய பழைய உதிரியைச் சிறு உறையிலிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்றும் கூறிவிடுங்கள். திரும்பி வந்த பின் நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். கை இறுக்கத்தை உணர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். குளிக்கும் முன் கழற்றி வையுங்கள்.