சரணாகதி: ஒப்படைக்கும் நம்பிக்கை

பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கம் தாயார் சன்னதியில் உற்சவமூர்த்தியான நம்பெருமாளும் ரங்கநாயகித் தாயாரும் சேர்ந்து காட்சி தருவார்கள். ஆண்டுக்கு ஒரே நாள். அந்தச் சேர்த்தியின் முன்புதான் ஆசாரியர் ராமாநுஜர் சரணாகதி கத்யம் என்ற உரைநடைத் துதியை விண்ணப்பித்தார் என்பது வைணவ மரபு.

சரணம் என்றால் புகலிடம். ஆகதி என்றால் வந்து சேர்தல். இதையே பிரபத்தி என்றும் சொல்வார்கள். தமிழில் அடைக்கலம். ஒரு கருத்தை மனம் ஏற்பதோடு இந்த நம்பிக்கை முடிவதில்லை. தன் பாரம் முழுவதையும் இறைவனிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைத்தபின் மனிதனுக்குச் செய்ய ஏதும் மிச்சம் உண்டா? வைணவம் இரண்டாகக் கிளைத்ததில் இந்தக் கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டிபோல நம் பக்கமும் சிறு முயற்சி வேண்டும் என்கிறார்கள் வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார். பூனை தானே குட்டியைக் கவ்விச் செல்வதுபோல இறைவனே காப்பான் என்கிறார்கள் பிள்ளை லோகாசாரியரைப் போற்றும் தென்கலையார். இரு ஆசாரியர்களும் ஒரே காலத்தில் ஸ்ரீரங்கத்தில் இருந்தவர்கள்.

1323-ல் டில்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்க வந்தது. காப்பவன் இறைவனே என்று எழுதிய லோகாசாரியர், தள்ளாத வயதில் நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே போனார். மதுரை அருகே ஜோதிஷ்குடியில் அவர் காலமானதாக மரபு சொல்கிறது. நம்பெருமாள் ஸ்ரீரங்கம் திரும்பியது 1371-ல்.