எந்த வேலை காத்திருக்கலாம்?

வெள்ளவத்தையில் எனது கடையைத் திருத்தியபோது, பெயர்ப்பலகை செய்பவரைத் தினமும் நச்சரித்தேன். வயரிங் இரண்டு நாள் பிந்தியதைப் பெரிதாக எடுக்கவில்லை. பெருநாளுக்கு முந்திய இரண்டு நாள் வியாபாரம் கைநழுவியது.

கணக்கு இதுதான்: வயரிங் 4 நாள், பூச்சு 3, பெயின்ட் 3, றாக்கை 4. ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. மொத்தம் 14 நாள். இதில் எது பிந்தினாலும் திறப்பு பிந்தும். பெயர்ப்பலகைக்கோ 5 நாள் போதும். 9 நாள் அவகாசம் இருந்தது. அதையும் கடத்தினால்தான் ஆபத்து.

1957இல் டியூபொன்ட் கம்பனியின் மோர்கன் வோக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெலியும் உருவாக்கத் தொடங்கிய இம்முறைக்குக் ‘கிரிட்டிகல் பாத்’ என்று பெயர்.

கொட்டாஞ்சேனைக் கடைக்கு இதை முதலிலேயே தாளில் எழுதினேன்; வயரிங்காரரின் பின்னால்தான் நின்றேன். குறித்த நாளில் திறந்தோம். நீங்களும் மேசன் பாஸை அழைக்குமுன் எழுதிப் பாருங்கள்.