வடித்த சோறு, பொறுக்கிய கடலை

உணவோடு உடலுக்குள் போகும் நச்சுப் பொருள்கள் பல இடங்களில் வந்து ஒட்டிக்கொள்கின்றன: வயலில் தெளிக்கும் மருந்து, கிடங்கின் ஈரத்தில் வளரும் பூஞ்சை, ஆலையில் கலக்கும் சாயம், பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக், கடைசியாக அடுப்பின் கடுஞ்சூடு. பொருள் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை முறை நஞ்சு சேர வாய்ப்புண்டு. அரிசி, பருப்பு, காய், மீன், மல்லி என்று முழுதாக வாங்கி வீட்டில் சமைத்தால் அந்த வாய்ப்புகளில் சில குறையும். சில குறையவே குறையா. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு மலேசியாவின் பினாங்கு பொருத்தமான ஊர். ஒட்டுக்கடைச் சாப்பாட்டுக்குப் பெயர்போன ஜார்ஜ்டவுனில்தான் 1969இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தொடங்கியது. உலகளாவிய பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் 1982இல் இதே பினாங்கில்தான் பிறந்தது.

எளிய சமையலால் நஞ்சு குறையும் என்பதற்கு நேரடிச் சான்று தந்தது 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேர் மூன்று நாள்களுக்கு டின் உணவையும் பிளாஸ்டிக் பொட்டல உணவையும் விட்டுவிட்டு, புதிதாகச் சமைத்ததை மட்டும் சாப்பிட்டார்கள். அவர்களின் சிறுநீரில் பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் சராசரியாக 66 விழுக்காடு குறைந்தது. பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கும் டிஇஎச்பி என்ற தாலேட்டின் கழிவுகள் பாதிக்கு மேல் குறைந்தன. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அளவு மறுபடி ஏறியது. இந்த இரண்டும் உடலில் நெடுநாள் தங்குபவை அல்ல. பெரும்பகுதி ஓரிரு நாளில் வெளியேறிவிடும். ஆகவே அன்றாடம் அளவு குறையாமல் இருக்கிறதென்றால், அன்றாடம் புதிதாக உள்ளே போகிறது என்றுதான் பொருள். ஈயத்தின் கதை வேறு. அது எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். மூன்று நாள் பத்தியத்துக்கு அசையாது.

பிஸ்பீனால்-ஏ பல டின்களின் உட்பூச்சில் பயன்பட்டு வந்திருக்கிறது. மலேசியா 2012 மார்ச் முதல் குழந்தைகளின் பால் புட்டிகளில் அதைத் தடை செய்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல், ஒருவர் ஒரு நாளில் ஏற்கத்தக்க அளவை முந்தைய அளவிலிருந்து இருபதாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. ஒரு பொருளைப் பற்றிய அறிவியல் மதிப்பீடு இவ்வளவு மாறுவது அபூர்வம். பினாங்கில் ஒரு காலத்தில் காப்பிக்கடைகளில் காலிப் பால்டின்னில் கயிறு கட்டிக் காப்பி கொடுத்தார்கள். இன்று கொதிக்கும் காப்பியும் சுடச்சுடக் கறிக்குழம்பும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரப்படுகின்றன. சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றும் பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருள்களை இழுப்பவை. குழம்பில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. எவர்சில்வர் அடுக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது பழைய பழக்கம்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதைவிட நல்ல வழி இல்லை.

வீட்டுச் சமையலை நம்புகிறவர்கள் அறிய வேண்டிய இன்னோர் ஆய்வு உண்டு. ஷீலா சத்தியநாராயணா தலைமையிலான குழு சியாட்டிலில் இதே போன்ற சோதனையைப் பத்துக் குடும்பங்களை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்டது. ஒரு பகுதியினருக்குப் பிளாஸ்டிக் படாத, புதிதாகச் சமைத்த உணவை ஆய்வுக் குழுவே ஏற்பாடு செய்து கொடுத்தது. தாலேட் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். அது இருபது மடங்குக்கு மேல் கூடிவிட்டது. சமையலுக்குப் பயன்படுத்திய பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, மிக அதிகமான அளவு மல்லித்தூளில் இருந்தது. முழுதாக இருந்தபோது சுத்தமாக இருந்திருக்கக்கூடிய ஒரு பொருள், தூளாகிப் பொட்டலமாகி வருவதற்குள் எங்கேயோ கெட்டுப்போயிருக்கிறது. அரைத்த தூளில் என்ன கலந்திருக்கிறது என்பது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

மசாலாத் தூளுக்கு வேறு வழக்குகளும் உண்டு. சூடான்-1 என்ற தொழிற்சாலைச் சாயம் மிளகாய்த்தூளில் இருப்பதை 2003இல் பிரான்ஸ் கண்டுபிடித்தது. 2005இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வங்காளதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேட் பூசியது 2019இல் வெளியானது. அங்கே முழு மஞ்சளை மெருகேற்றும்போதே சாயத்தைச் சேர்த்தார்கள் என்பதால், தூளை விட்டு முழு மஞ்சளை வாங்கியவர்களும் தப்பவில்லை. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. அரசு சோதனையும் தண்டனையும் தொடங்கிய பிறகு 2021இல் அது பூஜ்யமானது. பினாங்கில் இந்த வகையில் ஒரு வசதி உண்டு. பசாரில் பச்சை மஞ்சள் கிழங்கு எப்போதும் கிடைக்கும். சுரண்டி, இடித்துக் குழம்பில் போடலாம். லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளில் மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய் எல்லாம் முழுதாகக் கிடைக்கின்றன. வறுத்து வீட்டு மிக்சியில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொண்டால், ஆலையும் பொட்டலமும் இடையில் வரா.

அரிசிக்கு வந்தால், முழுத்தானியம் எப்போதும் மேல் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நெல் தண்ணீர் நின்ற வயலில் வளர்கிறது. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் மண்ணிலுள்ள ஆர்சனிக் கரைந்து வேர் வழியாக ஏறுகிறது. தானியத்தில் அது தவிட்டில்தான் கூடுதலாகச் சேர்வதால், தீட்டாத அரிசியில் ஆர்சனிக் அதிகம். நார்ச்சத்துக்காக அதைச் சாப்பிடுவதில் தவறில்லை, ஆனால் சமைக்கும் முறையை மாற்ற வேண்டும். ஆறு முதல் பத்து மடங்கு தண்ணீரில் வேகவைத்து வடித்தால், நச்சுத்தன்மை மிகுந்த கனிம ஆர்சனிக்கில் 40 முதல் 60 விழுக்காடு போய்விடுகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் கணக்கிட்டது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2020இல் இன்னொரு வழி சொன்னார்கள்: கொதிக்கும் நீரில் அரிசியை ஐந்து நிமிடம் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீர் ஊற்றிச் சிறு தீயில் வற்றவிடுவது. இதில் வெள்ளை அரிசியில் 73 விழுக்காடும் தீட்டாத அரிசியில் 54 விழுக்காடும் குறைந்தது.

ரைஸ் குக்கர் வருவதற்கு முன் தமிழ் வீடுகளில் சோறு வடித்தே ஆக்கினார்கள். குக்கரில் தண்ணீர் முழுதும் அரிசிக்குள்ளேயே வற்றிவிடுவதால், கரைந்தது திரும்ப ஏறிக்கொள்கிறது. வடிப்பதற்கும் ஒரு விலை உண்டு: பி வைட்டமின்களில் ஒரு பங்கு கஞ்சியோடு போகும். அந்தக் கஞ்சியைக் குடித்தால் வைட்டமின் திரும்பக் கிடைக்கும், கூடவே ஆர்சனிக்கும் திரும்பும். தினம் மூன்று வேளை சோறு சாப்பிடும் குழந்தைகள் உள்ள வீட்டில், கஞ்சியை விட்டுவிட்டு வைட்டமினைப் பருப்பிலும் கீரையிலும் தேடிக்கொள்வது நல்லது. சமைக்கும் தண்ணீரிலேயே ஆர்சனிக் இருக்கும் ஊர்களில் வடித்தும் பயனில்லை.

பூஞ்சை நஞ்சு இந்த வட்டாரத்தில் பல குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. பினாங்குக்குத் தெற்கே பேராக் மாநிலத்தில் 1988 அக்டோபரில், அரிசி மாவில் செய்த லோ ஷி ஃபன் என்ற குட்டை நூடுல்ஸ் சாப்பிட்டு 13 குழந்தைகள் இறந்தார்கள். காரணம் என்று தெரியவந்தது அஃப்லாடாக்சின். போரிக் அமிலமும் கண்டறியப்பட்டது. அஃப்லாடாக்சினை உண்டாக்குவது நிலக்கடலை, சோளம், காய்ந்த மிளகாய், அரிசி ஆகியவற்றில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. பினாங்கின் வெப்பமும் புழுக்கமும் அதற்கு ஏற்றவை. இப்படி ஒரே வேளையில் ஆளைக் கொல்லும் அளவு அரிது. சிறுகச் சிறுகச் சேர்ந்து கல்லீரல் புற்றுநோய்க்கு வழி வகுப்பதே வழக்கம். மஞ்சள்காமாலை-பி கிருமியும் உடலில் இருந்தால் ஆபத்து பல மடங்கு. வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது.

அப்படியானால் வழி என்ன? பொறுக்குவதுதான். அஃப்லாடாக்சின் எல்லாக் கடலையிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பகுதி சுருங்கிய, கறுத்த, பூசணம் பிடித்த, ஓட்டை விழுந்த சில பருப்புகளிலேயே குவிந்திருக்கும். ஒரு தட்டில் பரப்பி அவற்றைப் பொறுக்கி எறிந்தாலே ஆபத்தின் பெரும்பங்கு குப்பைக்குப் போய்விடும். அரைத்த சாத்தே குழம்பிலோ கடலை வெண்ணெயிலோ யாராலும் எதையும் பொறுக்க முடியாது. முழுப்பொருளை வாங்குவதன் அறிவியல் நியாயம் இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது: பொருளைப் பார்த்துத் தள்ளும் உரிமை வாங்குபவரின் கையில் இருக்கிறது. பொறுக்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் உலர வைத்திருக்க வேண்டும். கொஞ்சமாக வாங்கி விரைவில் தீர்த்துவிடுவது அதைவிட நல்லது.

பேராக் சம்பவத்தில் தென்பட்ட போரிக் அமிலம், மஞ்சள் மீ நூடுல்ஸிலும் மீன் உருண்டையிலும் விறைப்பும் வழுக்கலும் வருவதற்காகச் சேர்க்கப்பட்டது. அதை உணவில் சேர்ப்பது மலேசியச் சட்டப்படி குற்றம். எஸ். எம். முகமது இத்ரீஸ் (1926-2019) தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இத்தகைய கலப்படங்களைப் பல்லாண்டுகள் பொதுவில் எடுத்துப் பேசியது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் செய்தித்தாள் நடத்தி வீடுகளுக்கு எச்சரிக்கையைக் கொண்டு சேர்த்தது. சங்கத்தின் கல்வி அதிகாரி என்.வி. சுப்பாராவ், ரசாயன உரமும் மருந்தும் இல்லாமல் வீட்டில் காய்கறி வளர்க்கும் முறைகளைப் பரப்பிவருகிறார். மாடி வீட்டுத் தொட்டியில் வளரும் வெண்டையும் கறிவேப்பிலையும் ஒரு குடும்பத்தின் தேவையை நிரப்பாதுதான். ஆனால் கறிவேப்பிலை, மல்லித்தழை போல மருந்து படிந்தால் இலை இலையாகத் தேய்த்துக் கழுவ முடியாதவற்றை வீட்டில் வளர்ப்பதற்குப் பலன் உண்டு.

கடையில் வாங்கும் காய்க்கு, ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதே முதல் வேலை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஆப்பிளில் சோதித்தபோது, லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியதில் இரண்டு வகை மருந்துகள் மேற்பரப்பிலிருந்து முற்றிலும் போயின. ஆனால் அவற்றில் ஒரு மருந்தின் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் தோலுக்கு உள்ளே இறங்கியிருந்தது. அதை எந்தக் கழுவலும் எட்டவில்லை. செடியே உறிஞ்சிக்கொள்ளும் வகை மருந்துகளுக்கும் இதே நிலைதான்.

அடுப்பிலேயே பிறக்கும் நஞ்சுகளும் உள்ளன. மாவுச்சத்துள்ள பொருள்கள் 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அக்ரிலமைடு உருவாவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் அறிவித்தார்கள். இட்லி, இடியாப்பம், புட்டு ஆகியவை ஆவியில் வேகின்றன. அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாததால் அக்ரிலமைடு உருவாக வழியில்லை. உருளைக்கிழங்கை வறுத்தே ஆக வேண்டுமென்றால், நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, பொன்னிறத்திலேயே எடுத்துவிடலாம். இறைச்சியைத் தணலில் வாட்டும்போது வேறு வகைப் புற்றுநோய்ப் பொருள்கள் உருவாகின்றன. சாத்தேக்கு ஊறவைக்கும் மஞ்சளும் செரை எனும் எலுமிச்சைப்புல்லும் கறிவேப்பிலையும் அவற்றைக் குறைப்பதாகப் புத்ரா மலேசியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். கருகிய முனையை வெட்டி எறிவது அப்போதும் தேவை.

பாத்திரத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் பத்து வளரும் நாடுகளிலிருந்து 42 அலுமினியப் பாத்திரங்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. பழைய உலோகத்தை உருக்கி வார்த்த பாத்திரங்களில் இது நேர்கிறது. அசாம் லாக்சா, ரசம், புளிக்குழம்பு போன்ற புளிப்புச் சமையலுக்கு எவர்சில்வரே ஏற்றது.

மீனில் சமையலின் கை மிகவும் சிறியது. மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்திருப்பதால் கழுவினாலும் பொரித்தாலும் போகாது. சின்ன மீனைத் தின்று பெரிய மீன் வளர்வதால், சுறா போன்றவற்றில் அது அதிகம். நெத்திலி, மத்தி, கெம்போங் எனும் கானாங்கெளுத்தி ஆகியவற்றில் குறைவு. கர்ப்பிணிகள் வாங்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும், சமைக்கும்போது செய்ய ஒன்றுமில்லை.

சமையலறையின் கை எட்டாத இடமும் ஒன்று உண்டு: வயல். காய்கறியில் மிஞ்சும் மருந்தைவிடப் பல மடங்கு அதிகமான மருந்து, அதைத் தெளிப்பவரின் தோலிலும் மூச்சிலும் ஏறுகிறது. மலேசியத் தோட்டங்களில் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பலர் தமிழர்கள். அவர்களின் உடல்நலக் கேடுகளைத் தெனாகனித்தா என்ற பெண் தொழிலாளர் உரிமை அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பின் ஆசியக் கிளையும் சேர்ந்து 2002இல் அறிக்கையாக வெளியிட்டன. அதே ஆண்டு அரசு தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் பாராகுவாட் மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது.