மடக்கு (நிரலாக்கம்)

கணினி நிரலாக்கத்தில் மடக்கு என்பது, ஒரு கூற்றையோ கூற்றுத் தொகுதியையோ மீண்டும் மீண்டும் இயங்கச் செய்யும் அமைப்பு ஆகும். ஒரே பணியைப் பல வகை மடக்குகளாலும், தற்சுழற்சியாலும் எழுத முடியும். இவற்றுள் எது பொருத்தமானது என்பது, அப்பணியைப் பற்றி முன்கூட்டியே என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. பொருந்தாத தேர்வினால் நிரல் முடிவின்றி ஓடலாம். அல்லது நினைவகம் போதாமல் இடையில் நின்றுவிடலாம்.

மடக்கு வகைகள்

எண்ணிக்கை மடக்கு (ஃபார்): எத்தனை தடவை என்பது முன்பே தெரிந்தால் இது ஏற்றது. சி மொழியில் 10 உறுப்புகள் கொண்ட அணியின் சுட்டெண்கள் 0 முதல் 9 வரை அமையும். நிபந்தனையில் 'சிறியது' என்பதற்குப் பதிலாக 'சிறியது அல்லது சமம்' என எழுதினால், இல்லாத 11ஆம் உறுப்பை நிரல் நாடும். பைத்தான் போன்ற மொழிகளில் சுட்டெண் இன்றியே உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெறலாம் என்பதால், இப்பிழைக்கு இடமில்லை.

முன்சோதனை மடக்கு (வைல்): நிறுத்தும் நிபந்தனை மட்டும் தெரிந்தால் இது பயன்படும். யூக்ளிடின் முறையில் 48, 18 ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும்போது 12, 6, 0 என மீதிகள் கிடைக்கின்றன. மீதி 0 ஆனதும் விடை 6. எத்தனை வகுத்தல்கள் தேவை என்பது தொடக்கத்தில் தெரியாது. மடக்கினுள் மாறியின் மதிப்பு நிபந்தனையின் முடிவை நோக்கி நகராவிட்டால் நிரல் முடிவுறாது.

பின்சோதனை மடக்கு (டூ-வைல்): இது ஒரு தடவையாவது இயங்கும். பயனரிடம் கடவுச்சொல் கேட்பது போன்ற பணிகளுக்கு ஏற்றது. 1957 இல் வெளிவந்த ஃபோர்ட்ரானின் டூ மடக்கும் இறுதியிலேயே சோதித்தது. எனவே செய்ய வேண்டிய தடவை சுழியமாக இருப்பினும் ஒருமுறை இயங்கியது. ஃபோர்ட்ரான் 77 செந்தரம் இதனை மாற்றியது.

தற்சுழற்சி

ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைப்பது தற்சுழற்சி எனப்படும். கோப்புறைக்குள் கோப்புறை என அமைந்த கிளைத்த தரவுகளுக்கு இது இயல்பாகப் பொருந்தும். ஆயினும் முடிவுறாத ஒவ்வொரு அழைப்பும் நினைவகத்தின் அடுக்கில் இடம் எடுக்கிறது. பைத்தானின் வழக்கமான நடைமுறையாக்கத்தில் இதற்கான இயல்பு வரம்பு 1000 ஆகும். மாறாக, செயற்கூற்றின் கடைசிச் செயலாக அமையும் அழைப்புகள் அடுக்கை வளர்க்கக் கூடாது என ஸ்கீம் மொழியின் செந்தரம் வரையறுக்கிறது.

எடுத்துக்காட்டு

ஃபிபனாச்சி எண் ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை ஆகும். 0, 1 எனத் தொடங்கினால் இதனை இவ்வாறு எழுதலாம்:

பிப(ந):
ந < 2 எனில், விடை ந
இல்லையேல், விடை பிப(ந−1) + பிப(ந−2)

இது வரையறையை அப்படியே ஒத்திருக்கிறது. ஆனால் பிப(30) இன் மதிப்பான 8,32,040 ஐப் பெற, இச்செயற்கூறு மொத்தம் 26,92,537 தடவை அழைக்கப்படுகிறது. ஒரே மதிப்புகள் திரும்பத் திரும்பக் கணிக்கப்படுவதே காரணம். கடைசி இரு எண்களை மட்டும் நினைவில் வைக்கும் எண்ணிக்கை மடக்குக்கு 29 கூட்டல்கள் போதும். கணித்த மதிப்புகளைச் சேமித்து வைத்தால் தற்சுழற்சியிலும் இவ்வீண்செலவைத் தவிர்க்கலாம்.

தேர்வு

* தடவை தெரியும் எனில்: எண்ணிக்கை மடக்கு
* நிபந்தனை மட்டும் தெரியும் எனில்: முன்சோதனை மடக்கு
* ஒருமுறையாவது இயங்க வேண்டும் எனில்: பின்சோதனை மடக்கு
* தரவு கிளைத்தும் ஆழம் குறைவாகவும் இருப்பின்: தற்சுழற்சி